ஆறு மாதம், எட்டு நாடு: வெள்ளகோவில் தோட்டத்திலிருந்து ஹாம்பர்க் வரை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 24 வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பவளாக, இருந்தேன். அட்டைப்பெட்டி மேல் அடிக்கிற ஷிப்பிங் மார்க்கில் 'ஹாம்பர்க்' என்ற ஜெர்மன் துறைமுகத்தின் பெயரை எத்தனை ஆயிரம் முறை சரிபார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டால் என் வேலை முடிந்தது. அந்தப் பெட்டி போய் இறங்குகிற ஊரை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று மட்டும் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

50 வயது முடிந்ததும் வேலையை விட்டேன். என் வீட்டுக்காரர் வெள்ளகோவில் பக்கம் தென்னந்தோப்பு வைத்துப் பண்ணையம் பார்க்கிறவர். 2025 ஜனவரி 20-ஆம் தேதி கிளம்பி, சரியாக ஆறு மாதம் கழித்துத் திரும்பினோம். நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் "அதெல்லாம் நமக்கு ஆகுமா?" என்று கேட்கிறார்கள். ஆகும். எப்படி ஆனது, எங்கே இடறியது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை விசா இல்லை, தோட்டம்தான். பத்து நாள் சுற்றுலா என்றால் பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆறு மாதத்துக்கு அது நடக்காது. தேங்காய் வெட்டு, சொட்டு நீர்க் குழாய், இரண்டு மாடு, ஒரு கன்று, எல்லாவற்றுக்கும் மேல் 76 வயதான என் மாமியார். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டோம். ஒரு நாள் சாளையில் (தோட்டத்து வீட்டில்) அவர் பால் கறந்துகொண்டிருந்தபோது சொன்னேன். கறக்கிற கை நிற்கவில்லை. "போகோணும்னு தோணுனா இப்பவே போயிட்டு வந்துருங்க கண்ணு. எம்பட காலு நல்லா இருக்கறப்பவே போங்க" என்றார். மதுரையில் வேலை பார்க்கும் நாத்தனார் மகன் வாரக் கடைசியில் வந்து போவது, என் தங்கை இரண்டு நாளுக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு ஆனது. அத்தையின் பிரஷர் மாத்திரையை மாதம் மாதம் யார் வாங்கித் தருவது என்பது வரைக்கும் ஒரு நோட்டில் எழுதினோம்.

தோப்பை வருசக் குத்தகைக்கு விட்டோம். நாங்கள் செய்த பெரிய தப்பு அதுதான். ஜனவரியில் பேசிய தொகை அன்றைக்கு நியாயமானதுதான். ஆனால் 2025-இல் தேங்காய் விலை மளமளவென்று ஏறியது உங்களுக்கே தெரியும். நாங்கள் வியட்நாமில் இருக்கும்போதே காங்கேயம் பக்கத்துக் களங்களில் தேங்காய்ப் பருப்பு (கொப்பரை) விலை எங்கேயோ போய்விட்டது. குத்தகைக்காரர் மேல் தவறே இல்லை, பேசினது பேசினதுதான். தோப்பு வைத்திருப்பவர்கள் மொத்தத் தொகை பேசாதீர்கள். வெட்டுக்கு வெட்டு, அன்றைய விலைக்கு, இத்தனை பங்கு என்று பேசுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊரில் எல்லோருக்கும் இருக்கிற சிக்கல் இது. என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும் இருந்தது, குடும்பப் பெயர் கட்டம் காலி. பல நாடுகளின் இணைய விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவே தருவதில்லை. அதனால் கோயம்புத்தூரில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, மாமனார் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்தோம். எடுக்கிறதுதான் எடுக்கிறோம் என்று 60 பக்கப் புத்தகமாகவே வாங்கினோம். 36 பக்கத்துக்கு 1500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2000 ரூபாய். இந்த வேலையைக் கிளம்புவதற்கு ஒரு வருடம் முன்பே முடித்துவிடுங்கள். டிக்கெட் போட்ட பிறகு பெயர் மாறினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எந்த நாடு முதலில், எது கடைசியில் என்பதை நம் ஆசை முடிவு செய்வதில்லை. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா முடிவு செய்கிறது. அதை நாம் குடியிருக்கும் நாட்டிலிருந்துதான் வாங்க வேண்டும். ஐரோப்பாவுக்குள் நுழையும் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவும் முடியாது. அப்படியென்றால் ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. வாங்கிக்கொண்டு கிளம்பினால் ஆறு மாதத்துக்குள் ஐரோப்பா போயாக வேண்டும். இந்த ஒரு விதி புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. புரிந்த அன்று இரவே முழுப் பயணமும் தாளில் வந்துவிட்டது. மே 31 ஐரோப்பா நுழைவு, டிசம்பர் முதல் வாரம் சென்னையில் விண்ணப்பம், பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஜனவரியில் கிளம்புவது. நடுவில் இருக்கிற நாலு மாதத்துக்கு, விசா இல்லாமல் அல்லது இணையத்திலேயே விசா கிடைக்கிற நாடுகள். மலேசியா 30 நாள், தாய்லாந்து 60 நாள், கஜகஸ்தான் 14 நாள், மூன்றுக்கும் நமக்கு அப்போது விசா தேவையில்லை. வியட்நாமுக்கு 25 டாலரில் 90 நாள் இ-விசா, உஸ்பெகிஸ்தானுக்கு 20 டாலரில் 30 நாள். இந்த விதிகள் அடிக்கடி மாறும், கிளம்பும்முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டவளுக்கும் விவசாயிக்கும் ஐரோப்பிய விசா தருவார்களா என்று பலர் பயமுறுத்தினார்கள். அவர்கள் பார்ப்பது, திரும்பி வருவதற்கு ஊரில் என்ன இருக்கிறது என்பதைத்தான். பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி வாங்கினோம். மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஆறு மாத வங்கிக் கணக்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறோம் என்ற பட்டியல். ஒரு ஷிப்மென்ட் ஃபைல் எப்படி அடுக்குவேனோ அப்படியே அடுக்கினேன்: மேலே ஒரு பக்கக் கடிதம், அதில் சொன்ன வரிசையிலேயே கீழே தாள்கள். நான் ஏன் வேலையை விட்டேன், எத்தனை வருடமாக ஹாம்பர்குக்குத் துணி அனுப்பினேன் என்று அந்தக் கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஆளுக்கு 90 யூரோ கட்டணம். பல நாடுகளுக்குப் போவதானால் அதிக நாள் தங்குகிற நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், எங்களுக்கு அது ஜெர்மனி. 17-ஆம் நாள் விசா வந்தது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு பேருக்கும் எல்லாம் சேர்த்து 12 லட்சத்து சொச்சம். அதில் பாதிக்கு மேல் விமானமும் ஐரோப்பாவின் 50 நாளும் எடுத்துக்கொண்டன. டூர் பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (பணம் கட்டும்போதே பிடிக்கிற வருமான வரி) பிடிப்பார்கள். நாமே பணம் அனுப்பினால் ஒரு பான் எண்ணுக்கு ஒரு நிதியாண்டில் 7 லட்சம் வரை பிடிப்பு இல்லை, 2025 ஏப்ரலிலிருந்து அது 10 லட்சம். பிடித்தாலும் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: நாடுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், இருக்கிற நாளைக் கூட்டுங்கள். ஒரே வீட்டில் 28 இரவுக்கு மேல் எடுத்தால் வாடகை நிறையக் குறைகிறது. அதைவிட முக்கியம், பத்தாவது நாளிலிருந்துதான் அந்த ஊர் நம்மிடம் பேசத் தொடங்குகிறது. காய்கறிக்காரம்மா நம்மைப் பார்த்ததும் கொத்தமல்லியை எடுத்து வைக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் எங்கேயும் போகாமல் துணி துவைத்து, அரிசிம்பருப்பு ஆக்கிச் சாப்பிட்டுத் தூங்கினோம். அந்த இரண்டு நாள் இல்லையென்றால் மூன்றாவது மாதமே ஊர் திரும்பியிருப்போம்.

மலேசியாவை முதலில் வைத்ததற்குக் காரணம் தைப்பூசம். வருடா வருடம் பழனிக்கு நடக்கிற வீடு எங்களுடையது. அந்த வருடம் பிப்ரவரி 11-ஆம் தேதி பத்துமலையில் இருந்தோம். 42.7 மீட்டர் முருகன் சிலைக்குக் கீழே நின்று, 272 படியும் ஏறினேன். காவடிகள் நம்முடையதைவிடப் பெரிது, மேளச் சத்தமும் வேறு. அரோகரா மட்டும் அதே அரோகரா. அங்கிருந்து ரயிலில் பாடாங் பெசார் போய் எல்லை தாண்டித் தாய்லாந்தின் தெற்கே தங்கினோம். பிப்ரவரி, மார்ச்சில் வடக்கே காடும் வயலும் எரித்த புகை மூடியிருக்கும் என்பதால் சியாங் மாய் பக்கம் போகவில்லை.

பென் ட்ரே பற்றி நிறையச் சொல்ல வேண்டும். வியட்நாமின் தெற்கே மேக்காங் ஆறு பிரிந்து கடலில் சேரும் இடத்தில் உள்ள தென்னைச் சீமை அது. என் வீட்டுக்காரர் மற்ற ஊர்களில் என் பின்னால் வந்தார், அங்கே நான் அவர் பின்னால் போனேன். நாங்கள் தங்கிய வீட்டு அம்மா காலையில் முற்றத்தில் காய் உரிப்பார். தரையில் நட்ட இரும்புக் கம்பி, நம் தோட்டத்தில் இருப்பது போலவேதான். மூன்றாம் நாள் இவர் எழுந்து போய் ஒரு காயை எடுத்தார். குத்தி, ஒரு திருப்பு, மறுபடி குத்தி, இன்னொரு திருப்பு, மட்டை கழன்று விழுந்தது. அந்த அம்மா இவர் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ப்புக் காய்த்த கை. தன் கையையும் பக்கத்தில் நீட்டிக் காட்டினார். பிறகு 20 நாளும் இரண்டு பேரும் மொழியே இல்லாமல் பேசிக்கொண்டார்கள்.

அங்கே மேட்டுப் பாத்தியில் தென்னை, நடுவே வாய்க்கால். மார்ச், ஏப்ரலில் ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் கடல் உப்பு உள்ளே ஏறிவிடுகிறது. வீட்டுக்கு வீடு பெரிய பெரிய தாழிகளில் மழைநீர் பிடித்து வைத்திருக்கிறார்கள். வாய்க்கால் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நம் பக்கத்துப் பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) பாசனத்தை நினைத்து இவர் சொன்னார்: "நாம பிஏபி தண்ணி கடைமடைக்கு வர்லீன்னு அழுகறோம். இவுங்க வேண்டாத தண்ணி வருதேன்னு அழுகறாங்க." அன்று சாயங்காலம் எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார்.

கஜகஸ்தானின் அல்மாட்டி அழகான ஊர். பனிமலை தெருவின் முடிவிலேயே தெரியும். 12 நாள் இருந்தோம், குளிர்தான் எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

உஸ்பெகிஸ்தானில் எனக்கு ஒரு கடன் இருந்தது. அங்கே பருத்தி எடுக்கப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அரசே கட்டாயப்படுத்திய காலம் உண்டு. அதனால் உலகின் பெரிய பிராண்டுகள் அந்தப் பருத்தியைப் புறக்கணித்தன. 'இந்தத் துணியில் உஸ்பெக் பருத்தி இல்லை' என்ற உறுதிமொழித் தாளில் எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 2022 மார்ச்சில் அந்தப் புறக்கணிப்பு முடிந்தது. சமர்கண்டுக்கு வெளியே மே மாதத்தில் பருத்தி ஒரு சாண் உயரம் முளைத்து நின்றது. வரப்பில் இறங்கி ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தேன். தாளில் மட்டுமே எனக்குத் தெரிந்த வயல் அது.

அந்த ஊரில்தான் மாட்டிக்கொண்டோம். ஏடிஎம் கார்டு முடங்கிவிட்டது. திறக்க ஓடிபி வேண்டும், ஓடிபி வர நம் ஊர் சிம் உயிரோடு இருக்க வேண்டும், அதன் ரீசார்ஜ் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. மகன் பெங்களூரிலிருந்து ரீசார்ஜ் செய்து, வங்கியோடு மூன்று நாள் பேசிச் சரியானது. அந்த மூன்று நாளும் பெட்டியின் அடியில் வைத்திருந்த டாலர்தான் காப்பாற்றியது. கசங்கின, கிறுக்கின நோட்டுகளை அங்கே வாங்குவதில்லை. ஆகவே புது நோட்டாகக் கொண்டுபோங்கள், இரண்டு வங்கிக் கார்டுகளை இரண்டு பேர் பையில் தனித்தனியாக வையுங்கள், சிம் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள்.

ஹாம்பர்கில் 24 நாள். ஒரு மாத டாய்ச்லாண்ட் டிக்கெட் (2025-இல் 58 யூரோ) எடுத்தால் ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ் எல்லாம் அதிலேயே போகலாம். அதுவாகவே புதுப்பித்துக்கொள்ளும், அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய மறக்கக் கூடாது. துறைமுகத்து 62-ஆம் எண் படகுக்கும் அதே டிக்கெட்தான். எல்ப ஆற்றில் அந்தப் படகில் போனால் எதிர்க்கரையில் கன்டெய்னர்கள் வீடு வீடாக அடுக்கி நிற்கின்றன. முதல் நாள் நாலு முறை போய்வந்தேன்.

ஒரு கடையில் குழந்தைப் பைஜாமா ஒன்றைக் கையில் எடுத்து, பழக்கத்தில் உள்பக்கம் திருப்பினேன். மேட் இன் இந்தியா. ஓவர்லாக் தையல் சுத்தமாக இருந்தது, கழுத்துப் பட்டி நேராக உட்கார்ந்திருந்தது. பக்கத் தையலில் பிசிறு ஒன்று அரை விரல் நீளத்துக்கு விட்டுப்போயிருந்தது. ராத்திரி ஷிப்ட் செக்கிங் மேசையில், டியூப் லைட்டுக்குக் கீழே, கண்ணைத் தேய்த்துக்கொண்டு பிசிறு வெட்டுகிற பெண்கள் ஒவ்வொருவரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்த நூலை மெதுவாகக் கிள்ளி எடுத்துவிட்டு, பைஜாமாவை மடித்து வைத்தேன். கிள்ளிய நூல் இன்னும் என் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது.

பிறகு நெதர்லாந்தில் பத்து நாள், பிரான்சில் மீதி. பாரிசில் லா ஷப்பேல் பகுதியில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைத்தன, ஈழத்துக் கடைக்கார அண்ணா ஊர் விசாரித்தார்.

இழந்ததும் உண்டு. மே மாதம் என் சின்ன மாமன் மகள் கல்யாணம் நடந்தது. சீர் கொண்டுபோக வேண்டிய வீடு நாங்கள். தங்கை மூலம் கொடுத்து அனுப்பினோம், அங்கிருந்து வீடியோவில் பார்த்தோம். மாமன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊர் நோம்பிக்கும் (திருவிழாவுக்கும்) இல்லை. இதை யோசித்துவிட்டே தேதி குறிக்க வேண்டும்.

ஜூலை 20 விடியற்காலை கோவையில் இறங்கி, பத்து மணிக்குச் சாளைக்கு வந்தோம். கன்று வளர்ந்திருந்தது. அத்தை இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார், இளைத்துவிட்டோம் என்றார். மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மகனிடம் கேட்டார்: "ஏஞ்சாமி, அந்த ஊர்ல காயி என்ன வெலைக்குப் போவுது?" இவர் பையைத் திறந்து நோட்டை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்தார்.