நகத்தின் அடியில் நான்கு மில்லிமீற்றர்

என் வலது கை மோதிரவிரலின் நகம் முதன்முதலில் வலித்தது 2019 ஆம் ஆண்டின் மாரிகாலத்தில். அது எப்போதும் இருக்கும் வலியல்ல. விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் பட்டாலோ, சந்தையில் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த மீனைக் கையில் வாங்கினாலோ, ஊசியை ஏற்றியதுபோல் தொடங்கி முழங்கைவரை ஏறும். சில நிமிடங்களில் தணிந்துவிடும். திருகோணமலையில் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்றில் குளித்த நாட்களில் மட்டும் அந்த விரல் அமைதியாக இருந்தது. அதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் நகச்சுற்று என்று எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிவிட்டார்கள். பிறகு காட்டிய இடங்களில் கிருமிக்கொல்லி மாத்திரையும் நரம்புக்கான மாத்திரையும் தந்தார்கள். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாததால், மன அழுத்தமாக இருக்கலாம் என்றும் ஓரிடத்தில் சொன்னார்கள். கரும்பலகையில் எழுதும்போது சுண்ணக்கட்டி தடுமாறிக் கண்ணீர் வரும் ஒருத்திக்கு அந்தச் சொல் எவ்வளவு வலித்தது என்பதை இங்கே எழுதாமல் விட முடியவில்லை. இதற்கிடையில் நகத்தின் வேரிலிருந்து நுனிவரை மெல்லிய செந்நிறக் கோடொன்று விழுந்து, நுனியில் சிறு பிளவும் தோன்றியது. பிளந்த இடத்து நகத்தை வெட்டி எடுத்துப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னபோது, பயத்தினால் மறுத்தேன்.

2023 இல் நான் சந்தித்த சத்திரசிகிச்சை நிபுணர் என் கையைப் பிடித்துப் பார்க்கும் முன்னர் ஒரு பேனையைத் தந்தார். “ரீச்சர், விரலாலை காட்டவேண்டாம். பேனை முனையாலை, வலிக்கிற ஒரே இடத்தை மட்டும் காட்டுங்கோ,” என்றார். நான் தொட்ட புள்ளி, பிளவு இருந்த நுனியல்ல. நகத்தின் வேரருகே, வெண்பிறையின் ஓரம். பின்னர் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியை மேற்கையில் கட்டிக் காற்றை ஏற்றி, அதே இடத்தை அழுத்தினார். வலி இல்லை. பட்டியைத் தளர்த்தியதும் திரும்பி வந்தது. குளோமஸ் கட்டியாக இருக்கலாம் என்றார். தோலின் வெப்பநிலையைச் சீராக்க இரத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் நுண்ணிய அமைப்புகள் விரல் நுனிகளிலும் நகத்தின் அடியிலும் செறிந்துள்ளன. அவற்றிலிருந்து வளரும் இக்கட்டி அரிதானது, பெரும்பாலும் புற்றுநோயல்லாதது. பிரெஞ்சு நோயியலாளர் பியர் மாசோன் 1924 இலேயே இதனை விவரித்திருக்கிறார். எலும்பை அழுத்திக் குழி விழுத்தியிருந்தால் மட்டுமே எக்ஸ்ரே அதைக் காட்டும் என்பதால், என்னுடைய சுத்தமான எக்ஸ்ரே எதையும் மறுக்கவில்லை என்றும் விளக்கினார்.

முதலில் எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பயன்படவில்லை. வயிற்றைப் பார்க்கும் கருவி நகத்துக்குப் போதாது. மேற்பரப்பைத் துல்லியமாகக் காட்டும் உயர் அதிர்வெண் கருவி வேண்டும். இரண்டாவது முறை அத்தகைய கருவியால், ஜெல்லைத் தடிப்பாகப் பூசி, நகத்தில் அழுத்தாமலே பார்த்தார்கள். அழுத்தினால் சிறு இரத்தக்குழாய்கள் மூடி, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் முறையில் எதுவும் தெரியாமல் போகுமாம். கறுப்பாக ஒரு சிறு உருண்டையும் அதனுள் செறிவான இரத்த ஓட்டமும் தெரிந்தன.

சரியான எல்லையை அறிய எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கண்டிக்குப் போனோம். படத்தைத் தெளிவாக்கும் கடோலினியம் என்ற மருந்தை ஊசியால் ஏற்றும் முன் சிறுநீரகத்துக்கான கிரியட்டினின் பரிசோதனை செய்யவேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுச் செய்துகொண்டது ஒரு நாளை மிச்சப்படுத்தியது. மோதிரத்தையும் தாலிக்கொடியையும் கழற்றி மாமியிடம் கொடுத்துவிட்டுக் குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேலே நீட்டி, அரைமணி நேரத்துக்கும் மேலாக அசையாமல் இருந்தேன். உண்மையான சிரமம் இதுதான். விரல் சற்று அசைந்தாலும் மில்லிமீற்றர் அளவுள்ள பொருள் கலங்கிப்போகும். நீர்த்தன்மையை வெண்மையாகக் காட்டும் படத்தில் அது ஒரு வெள்ளை மணியாகத் தெரிந்தது. கடோலினியம் ஏற்றியபின் இன்னும் ஒளிர்ந்தது. அளவு நான்கு மில்லிமீற்றர். இடம், நகம் முளைக்கும் வேர்ப்பகுதி, சின்னவிரல் பக்கமாக.

அந்தப் படத்தால் சத்திரசிகிச்சையின் வழியே மாறியது. நுனியை வெட்டியிருந்தால் நகம் மட்டும் போயிருக்கும், கட்டி அப்படியே இருந்திருக்கும். விரலுக்கு மட்டும் விறைப்பு ஊசி போட்டு, நகத்தின் பின்மடிப்பை மேலே விலக்கி, நகத்தின் பின்பாதியைத் தூக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து, ஒரு துணுக்கும் மிஞ்சாமல் எடுத்தார்கள். சிறு பகுதி தங்கினாலும் மீண்டும் வளரும். வேர்ப்பகுதியில் போட்ட கீறலை மெல்லிய நூலால் பொருத்தித் தைத்தது, புதிய நகம் பிளந்து முளைக்காமல் இருப்பதற்காக. நோயியல் அறிக்கையும் குளோமஸ் கட்டி என்றே உறுதிப்படுத்தியது.

ஆறு மாதத்தில் நகம் முழுதாக வளர்ந்தது. வேரருகே விரலால் தடவினால் ஒரு மெல்லிய வரம்பு இன்னும் தெரிகிறது. அடுத்த மார்கழியில் ஐஸ் மீனை வலது கையாலேயே வாங்கினேன். எம்.ஆர்.ஐ. படங்களின் குறுந்தட்டு அலுமாரியில் இருக்கிறது. மறுபடி வலி வந்தால் பழைய இடத்தோடு ஒப்பிட அது வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.