தரையைப் பார்க்கும் மீன்

தட்டுப்போல் வட்டமான அலங்கார மீனான டிஸ்கஸை வாங்கிப் போனவர்கள் சில வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தால் பெரும்பாலும் ஒரே புகார்தான். "அண்ணே, மீன் முகத்தில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. ஏதாவது நோயா?" சென்னை கொளத்தூரில் டிஸ்கஸ் பண்ணையில் வேலை செய்யும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. "தொட்டிக்கு அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்பேன். அனேகமாகக் கறுப்பு மணல் என்பார்கள்.

எங்கள் தொட்டிகளில் மணலே கிடையாது. கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வெறும் கண்ணாடித் தரைதான் வசதி. இரும்பு ஸ்டாண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெள்ளைத் தெர்மாகோல் அட்டை இருக்கும். தொட்டி விரிசல் விடாமல் இருப்பதற்காக வைத்த அந்த அட்டைதான் பிஜன் பிளட் என்னும் செம்மஞ்சள் நிற டிஸ்கஸ் வகையின் நிறத்துக்கும் காவல். மீனின் கண், மேலிருந்து விழும் வெளிச்சத்தையும் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. தரை வெளிறியிருந்தால், தோலின் கருநிறமிச் செல்களுக்குள் இருக்கும் மெலனின் துகள்கள் நடுவில் குவிந்து ஒடுங்கிவிடும். தரை கறுத்திருந்தால் செல் முழுக்கப் பரவும். இவ்வளவும் சிறிது நேரத்தில் நடந்து முடிந்துவிடும். நெடுநாள் கறுப்புத் தரைமேலேயே வாழ்ந்தால் அந்தச் செல்களின் எண்ணிக்கையே பெருகிவிடுகிறது. மணலை அள்ளிய மறுநாளே புள்ளி மறையவில்லை என்று பதறுகிறவர்களுக்கு இதைத்தான் பொறுமையாகச் சொல்கிறேன். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பரம்பரையாகவே புள்ளி மிகுந்த மீனில் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும்.

பின்பக்கக் கண்ணாடியில் மட்டும் இளநீல ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுத் தரையைக் கறுப்பாகவே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது பாதி வேலைதான். மீனுக்குப் பின்சுவரைவிடத் தரை முக்கியம்.

ஆனால், எல்லா டிஸ்கஸுக்கும் வெள்ளைத் தொட்டி என்று விதி செய்துவிடக் கூடாது. டர்க்காய்ஸ் வகையின் நீலம் சாயமே அல்ல. தோலுக்குள் அடுக்கடுக்காய் இருக்கும் நுண்ணிய படிகங்கள் ஒளியைத் திருப்பியனுப்பும் விதம் அது. பின்னணி அடர்த்தியாக இருந்து, விளக்கு கொஞ்சம் முன்பக்கமாகத் தள்ளி இருந்தால்தான் அந்த நீலம் எழுந்து நிற்கும். அதே மீனை வெள்ளைத் தொட்டியில் விட்டால் சோகை பிடித்ததுபோல் வெளிறித் தெரியும். சிவப்போ பெரிதும் தீவனத்திலிருந்து வருவது. அஸ்டாசாந்தின் போன்ற நிறமிகள் உணவில் இல்லையென்றால் எந்தப் பின்னணியும் அதைக் காப்பாற்றாது. இளஞ்சிவப்பு விளக்கின் கீழே வைத்துச் சிவப்பு மீன் விற்பதை நான் வெறுக்கிறேன். வாங்குகிறவர் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

காட்டு மீன்கள் வேறு கதை. அமேசானின் துணையாறான ரியோ நீக்ரோவின் நீர் தேநீர் நிறம் கொண்டது. அங்கே மூழ்கிய மரக்கிளைகளுக்கு நடுவே வாழும் ஹெக்கல் டிஸ்கஸுக்கு உடலில் குறுக்கே இறங்கும் கரும்பட்டைகள்தான் மறைவிடம். அதைப் பளீரென்ற வெறுந்தொட்டியில் விட்டால் மூலையில் ஒடுங்கி, பட்டைகளெல்லாம் இருண்டு, தீனியைத் திரும்பியும் பார்க்காது. மரக்கட்டை, நாட்டு வாதுமைச் சருகு, மங்கிய விளக்கு இவை தந்தால் சில நாளில் முன்னால் வந்துவிடும். பட்டை அடர்ந்தால் மீன் பயந்திருக்கிறது என்று படிக்கலாம். பிஜன் பிளட்டில் அந்தப் பட்டைகளே இல்லாததால் அதன் பயத்தை நிறத்தில் தேட முடியாது. துடுப்பையும் மூச்சையும்தான் கவனிக்க வேண்டும்.

குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகிறது. டிஸ்கஸ் குஞ்சுகள் முதல் நாட்களில் தாய் தந்தையின் தோலில் சுரக்கும் சளியைத் தின்றே வளர்கின்றன. பெற்றோர் அப்போது கறுத்துப்போகும். இருண்ட உருவத்தைத் தேடி நீந்துவது குஞ்சுகளின் சுபாவம். பிஜன் பிளட் ஜோடியால் அப்படிக் கறுக்க முடியாது. குஞ்சுகள் கறுத்த ஸ்பான்ஜ் ஃபில்டரைப் பெற்றோர் என்று எண்ணி அதைச் சுற்றியே கிடந்து பட்டினியில் சாகும். அதனால் அந்த ஜோடிகளின் தொட்டிக்கு நாற்புறமும் வெள்ளைத் தாள் ஒட்டி, ஃபில்டரை வெளியே எடுத்துவிட்டு, காற்றுக் குமிழி விடும் கல்லை மட்டும் விட்டுவைக்கிறேன். ஃபில்டர் இல்லாத அந்த நாட்களில் தண்ணீரை அடிக்கடி மாற்றியே ஆக வேண்டும். புது நீரின் சூடும் தொட்டியில் இருக்கும் 29 டிகிரியிலேயே இருக்க வேண்டும்.