செவிலிய மாணவியரின் மனநிலையும் மதிப்பெண்ணும்

செவிலியக் கல்லூரி ஆசிரியராக நான் கண்டவரையில், ஒரு மாணவியின் மதிப்பெண் சரிந்தால் 'ஒழுங்காகப் படிக்கவில்லை' என்ற முடிவுக்கே பெரும்பாலும் முதலில் வருகிறோம். அவள் உறங்கினாளா, வார்டில் என்ன பார்த்தாள் என்று கேட்பது அரிதாகவே இருக்கிறது.

பி.எஸ்சி. நர்சிங் சேர்பவர்களில் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், முதல் பருவத்திலேயே உடற்கூறியலையும் உடலியங்கியலையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. தேர்வெழுத 80 விழுக்காடு வருகையும், பட்டம் பெறுமுன் செய்முறைப் பயிற்சியில் 100 விழுக்காடு வருகையும் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி என்பதால், மனம் சோர்ந்து விடுப்பு எடுத்தாலும் அந்த நாளைப் பின்னர் ஈடுசெய்தே ஆக வேண்டும். இரவுப் பணி முடிந்து விடுதிக்கு வந்தால் நோயாளியைப் பற்றி எழுத வேண்டிய கேஸ் ஸ்டடியும், அவருக்கான பராமரிப்புத் திட்டமான கேர் பிளானும் காத்திருக்கின்றன. படித்தது நினைவில் நிலைப்பதற்கு உறக்கம் இன்றியமையாதது. முதலில் பறிபோவதும் அதுவே.

பதற்றத்தின் விளைவை மருந்தளவுக் கணக்கில் தெளிவாகக் காணலாம். தர வேண்டிய அளவைக் கையிருப்பின் அளவால் வகுத்து, அது கரைந்துள்ள மில்லிலிட்டரால் பெருக்குவதை விடுதியில் தோழிக்குச் சொல்லிக்கொடுத்த மாணவியே, வைவா எனும் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் முன் நின்றதும் எண்களைத் தவறவிடுகிறாள். கணக்கை மனத்தில் தற்காலிகமாக ஏந்தி நிற்கும் நினைவாற்றல் குறுகியது. அச்சம் அதில் இடம் பிடித்துக்கொண்டால் தெரிந்த விடையும் வெளிவருவதில்லை.

இவற்றைவிட என்னை வருத்துவது மரணம் பற்றிய நம் மௌனம். பதினெட்டு, பத்தொன்பது வயதில், முந்தைய நாள்வரை 'பாப்பா' என்று அழைத்துப் பேசிய நோயாளியின் உடலைத் துடைத்துக் கட்டி அனுப்பிவிட்டு, மறுநாள் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். செய்முறையின் படிகளைச் சரிபார்க்கும் நாம் அந்தத் துக்கத்தைக் கேட்பதில்லை. வார்டு முடிந்தபின் நடக்கும் கலந்துரையாடலில் அதற்குச் சிறிது நேரம் ஒதுக்கினாலே, ஒதுங்கியிருந்தவர்கள் பேசத் தொடங்குவதையும் பாடத்தில் மீண்டும் ஈடுபடுவதையும் பார்த்திருக்கிறேன்.

2022 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில், எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம். ஆனால் கல்லூரிக்குள் பேச மாணவியர் தயங்குகிறார்கள். வழிகாட்டி ஆசிரியரே அகமதிப்பீட்டு மதிப்பெண்ணையும் இடுபவராக இருக்கும்போது அந்தத் தயக்கம் நியாயமானது. ஆகவே, மதிப்பெண்ணிலோ வருகைப்பதிவிலோ எந்த அதிகாரமும் இல்லாத ஓர் உளவியல் ஆலோசகரை ஒவ்வொரு செவிலியக் கல்லூரியும் நியமிக்க வேண்டும். அவரிடம் சொல்வது முதல்வருக்கோ வீட்டுக்கோ தெரியாது என்பதை, உயிருக்கு ஆபத்தான நிலை ஒன்றைத் தவிர, சேர்க்கை நாளிலேயே எழுத்தில் தர வேண்டும்.