நீலத்தை ஒதுக்கி வைத்துத் தைத்த ஆறாவது குவில்ட்

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். இதுவரை தைத்த ஐந்து குவில்ட்டுகளையும் வெயிலில் காயப்போட ஒருநாள் வெளியே எடுத்தேன். வரிசையாக விரித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: ஐந்தும் ஒரே குவில்ட்தான். கருநீலம், ஆகாய நீலம், வெள்ளை, இடையிடையே கொஞ்சம் சாம்பல். ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் கட்டம், அவ்வளவுதான் வித்தியாசம். துணிக்கடைக்குப் போனாலும் கை தானாக நீலத்துக்குத்தான் போகும். "இந்த நீலம் நம்மிடம் இல்லையே" என்று மனசு உடனே ஒரு சாக்கும் சொல்லும். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால் அதே நீலம் அரை மீட்டர் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

நீலத்தில் ஒரு சௌகரியம் உண்டு. எந்த நீலத்தை எந்த நீலத்தோடு வைத்தாலும் பெரிதாகச் சண்டை வராது. தைத்து முடிக்கும் வரைக்கும் வயிற்றைக் கலக்காது. இந்த முறை கொஞ்சம் கலக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஆறாவதில் நீலம் கிடையாது. நீலத் துணிகளை எல்லாம் ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டு, பரணில் ஏற்றிவிட்டேன். கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் என்னை நானே நம்ப முடியாது.

மிச்சம் இருந்தது ஒரு அட்டைப்பெட்டி. யார் யாரோ கொடுத்தது, வேறு எதற்கோ வாங்கியது, தைத்ததில் மீந்தது. கடுகு மஞ்சள், ஆரஞ்சு, கிளிப்பச்சை, பாக்கு நிறம், எலுமிச்சை மஞ்சள், எனக்கு எப்போதும் பிடிக்காத ராணி ரோஸ். எண்ணிப் பார்த்தேன், நாற்பது துணி.

மாதிரி லாக் கேபின். நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். வெட்டும்போது பட்டை ஒன்றரை அங்குலம். இரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும், வெளியே தெரிவது ஒரு அங்குலம். நான்கு சுற்று ஓடினால் பத்து அங்குலச் சதுரம் ஒன்று. ஒரு சதுரத்துக்கு 17 துண்டு. அப்படி 30 சதுரம், ஐந்துக்கு ஆறு என்று அடுக்கினால் 50-க்கு 60 அங்குலம். மொத்தம் 510 துண்டு. நடுச்சதுரத்தைச் சிவப்பில் வைப்பது பழைய வழக்கம், வீட்டின் நடுவில் எரியும் அடுப்பு என்பார்கள். நான் ராணி ரோஸை வைத்தேன். பிடிக்காததை நட்டநடுவிலேயே போட்டுவிட்டால் அப்புறம் ஒளிக்க வழியில்லை.

முதல் வாரம்

பட்டைகளை எல்லாம் ஒரு காகிதப் பைக்குள் போட்டேன். பார்க்காமல் கையை விட்டு எடுக்க வேண்டும், வந்ததைத் தைக்க வேண்டும். அதே துணி அடுத்தடுத்து வந்தால் மட்டும் ஒருமுறை மாற்றலாம். முதல் நாள் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் கிளிப்பச்சை வந்தது. மெஷினுக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் கையால் இந்த இரண்டையும் சேர்த்துத் தைத்ததே இல்லை. சரி, வந்தது வந்தாச்சு என்று மிதித்தேன்.

நான்கு சதுரம் முடிந்ததும் சுவரில் மாட்டினேன். பழைய ஃபிளானல் போர்வை ஒன்றைச் சுவரில் அடித்து வைத்திருக்கிறேன். பருத்தித் துணி அதில் குண்டூசி இல்லாமலே ஒட்டிக்கொண்டு நிற்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். நான்கும் நான்கு கிண்ணம் கூழ். துணிச்சலாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் மாதிரி எங்கே? பட்டை தெரியவில்லை, சுற்று தெரியவில்லை. எல்லா நிறமும் சேர்ந்து கத்துகிறது, ஒன்றும் காதில் விழவில்லை.

இதற்குத்தான் நான் நீலத்தை விட்டு வெளியே வருவதே இல்லை என்று அன்று இரவு நினைத்துக்கொண்டேன். பரணைக்கூட ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன்.

மறுநாள் காலை ஃபோனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். அப்போதுதான் பிடிபட்டது. ஆரஞ்சு, கிளிப்பச்சை, ரோஸ், கடுகு என்று நான் பயந்து பயந்து சேர்த்த எல்லாமே படத்தில் ஒரே சாம்பல். எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கண்ணுக்கு அவ்வளவு வேறு வேறாகத் தெரிந்த நிறங்கள் அழுத்தத்தில், அதாவது எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பதில், ஒன்றுக்கொன்று தம்பிகள். பழைய குவில்ட் ஒன்றையும் அதேபோல எடுத்துப் பார்த்தேன்: கருநீலம் கறுப்பாக, ஆகாய நீலம் நடுவாக, வெள்ளை வெள்ளையாக, நட்சத்திரம் கத்தரித்து வைத்ததுபோல் நின்றது. இத்தனை வருஷம் என்னைக் காப்பாற்றியது நீலம் இல்லை, நீலத்தோடு தானாக வந்த வெளிர்-அடர் வித்தியாசம். லாக் கேபின் என்பதே அதுதான்: சதுரத்தின் அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர், மற்ற இரண்டு பக்கம் அடர், குறுக்கே மூலைவிட்டமாக வெயிலும் நிழலும் பிரியும். இது தெரியாமல் இல்லை. ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கும்போது, நிறத்தைப் பற்றிய பயத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம்

துணிகளைத் தரையில் மூன்று குவியலாகப் பிரித்தேன். நாற்பதில் 26 நடுத்தரம், 9 அடர், வெளிர் வெறும் ஐந்து. எது எந்தக் குவியல் என்று சந்தேகம் வந்தால் கண்ணை இடுக்கிப் பார்த்தேன்; இடுக்கினால் நிறம் மங்கி, அழுத்தம் மட்டும் மிஞ்சும். நடுத்தரத்துக்கு என்று ஒரு குணமும் கிடையாது என்பது இதில் தெரிந்தது. கடுகு மஞ்சள் கிரீமுக்குப் பக்கத்தில் அடராக நடிக்கிறது, காப்பிக்கொட்டை நிறத்துக்குப் பக்கத்தில் வெளிராக நடிக்கிறது. அதனால் நடுத்தரத்தில் பாதியை அங்கே, பாதியை இங்கே தள்ளி, இழுபறியானவற்றை அப்படியே ஒதுக்கிவிட்டேன். வெளிருக்குக் கிரீம், வெங்காயச் சருகு நிறம், வெளிர் பீச், வெளிர் சாம்பல் வாங்கினேன். அடருக்கு ராமர் பச்சை, அரக்கு, கத்திரிக்காய்த் தோல் நிறம். நீல வரிசையைக் கடக்கும்போது வேகமாக நடந்தேன்.

அப்புறம் ஒரு பை இரண்டு பையானது. பார்க்காமல் எடுக்கும் விதி அப்படியே, ஆனால் வெளிர்ப் பக்கத்துக்கு வெளிர்ப் பை, அடர்ப் பக்கத்துக்கு அடர்ப் பை. முதல் நான்கு சதுரத்தைப் பிரிக்கவில்லை. பிரிப்பதற்குள் உயிர் போய்விடும், ஒவ்வொன்றிலும் 16 தையல். அவை தனியாக இருக்கின்றன, எதற்காவது மெத்தை உறையாகும்.

இந்த இரண்டு வாரமும் தையல் நன்றாக ஓடியது. மாவு ஆட்டுவதுபோல ஒரே சீர்: எடு, தை, இஸ்திரி போடு, நறுக்கு, திருப்பு. அரக்குக்குப் பக்கத்தில் பாசிப்பச்சை வந்தால் முன்பு திடுக்கென்று இருக்கும். இப்போது எதிர்ப்பக்கம் வெளிராக இருக்கப்போகிறது என்று தெரிந்ததால் பயம் போய்விட்டது. ஒரே ஒரு தொல்லை, ஆறாவது சதுரத்திலிருந்து அளவு, ஓரத் தையலுக்குப் போகும் அரை அங்குலமும் சேர்த்து, பத்தரைக்கு வராமல் பத்தேகாலில் நின்றது. ஒரு தையலுக்கு நூலளவு கூடிப்போனாலும் நான்கு சுற்றில் சேர்ந்துவிடுகிறது. ஊசியை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்தியதும் சரியானது.

எலுமிச்சை மஞ்சள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இது கிரீமோடு கிரீமாக, பரம சாதுவாக இருந்தது. நம்பி வெளிர்ப் பையில் போட்டேன். இரண்டு சதுரத்தில் ஒவ்வொரு பட்டை வந்தது. சுவரில் மாட்டினால் கதவைத் திறந்ததும் கண் நேராக அந்த இரண்டு பட்டைக்குத்தான் போகிறது. மீதி இருநூறு பட்டை வேலைக்காரர்கள்போல ஓரமாக நிற்கின்றன. ஆக, படம் வெளிரா அடரா என்பதை மட்டும்தான் சொல்லும். எவ்வளவு பளிச்சென்று அடிக்கும் என்பதைச் சொல்லாது, அதற்குக் கண்தான்.

எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பழைய நானாக இருந்தால் எடுத்திருப்பேன். மாறாக, அந்தத் துணியை இன்னும் ஒன்பது பட்டையாக நறுக்கி, பையில் போடாமல், வேண்டுமென்றே ஒன்பது சதுரத்தில் வெவ்வேறு சுற்றில் வைத்தேன். விதிமீறல்தான். ஆனால் இரண்டு இடத்தில் இருந்தபோது மஞ்சள் கறைபோலத் தெரிந்தது, பதினொரு இடத்தில் பரவியதும் ஜன்னலில் விளக்கு எரிவதுபோல ஆகிவிட்டது.

பூப்போட்ட துணியில்தான் தோற்றேன். உள்ளங்கை அளவு பூ உள்ள துணியை ஒரு அங்குலப் பட்டையாக்கினால் பூ எங்கே இருக்கும்? ஒரு பட்டை முழுக்க வெள்ளைத் தரை, அடுத்த பட்டை முழுக்கச் சிவப்பு இதழ், எந்தப் பையில் போடுவது என்றே தெரியாது. அதை அப்படியே எடுத்து முதுகுப் பக்கத்துக்கு வைத்துவிட்டேன்.

பதினோராவது சதுரம்

பதினான்கு சதுரம் சுவரில் இருந்த சமயம் மகள் வந்து பார்த்தாள். ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "நீலத்தைத் தொடவே மாட்டேன்னு சொன்னியேம்மா, இது என்ன?" என்று ஒரு பட்டையைத் தொட்டுக் காட்டினாள். பதினோராவது சதுரத்தின் வெளிச்சுற்று. பார்த்தால் சத்தியமாக நீலம்தான், வெளிர் நீலம். நான் எப்போது வைத்தேன்? பரணில் பை முடிச்சோடு இருக்கிறது.

மீந்த பட்டையைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தேன். சாம்பல். வெறும் சாம்பல், துளி நீலம் இல்லை. சுவரில் அதன் ஒரு பக்கம் பீச், மறுபக்கம் அடுத்த சதுரத்தின் செங்கல் ஆரஞ்சு. இரண்டு ஆரஞ்சுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சாம்பல் நீலமாகி நிற்கிறது. அடுத்த சதுரத்தை நகர்த்திவிட்டு ராமர் பச்சைச் சதுரம் ஒன்றை வைத்தோம். நீலம் பாதி போய்விட்டது. திரும்ப ஆரஞ்சை வைத்ததும் வந்துவிட்டது. மகள் நான்கைந்து தடவை வைத்து எடுத்து விளையாடினாள்.

பாரிஸில் கோபலின் என்ற அரசு நெசவுக்கூடத்தில் சாயப்பட்டறைக்குத் தலைவராக இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளருக்கும் இதே பிரச்சினை வந்திருக்கிறது. கறுப்பு நூலின் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்தால் வலுவில்லாமல் தெரிகிறது என்று புகார். நூலைச் சோதித்தால் சாயத்தில் குற்றமில்லை, குற்றம் பக்கத்தில் இருந்த நிறத்தில். ஒரு நிறம் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்த்திசையில் தள்ளும் என்பதை ஆராய்ந்து 1839-இல் புத்தகமாகவே போட்டார். ஆரஞ்சுக்கு எதிர் நீலம். ஆக நான் துரத்திவிட்ட நீலத்தை என் ஆரஞ்சே உள்ளே அழைத்து வந்துவிட்டது.

அந்தச் சதுரத்தை நான் மாற்றவில்லை. கடைசி அடுக்கிலும் பீச்சுக்கும் செங்கலுக்கும் நடுவிலேயே வைத்திருக்கிறேன்.

ஆறாம் வாரம்

30 சதுரமும் முடிந்தன. மூலைவிட்டங்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதுபோல அடுக்கினேன், உழுத சால்போல இருக்கிறது. நடுவில் ஒரு வைர வடிவம் வருவதுபோல அடுக்கியும் பார்த்தேன், ஏனோ கண் நடுவிலேயே சிக்கிக்கொண்டது.

ராணி ரோஸ் சாயம் விடுமா என்ற சந்தேகத்தை முதலிலேயே தீர்த்திருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் ஞானம் வந்தது. மீந்த துண்டை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டுவைத்தேன். அரை மணியில் ரோஸ்மில்க். நல்லவேளை, துவைக்கவில்லை. உப்புப் போட்டுப் பார்த்தேன், வினிகர் விட்டுப் பார்த்தேன், அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. முதல் துவையலில் நிறம் உறிஞ்சும் தாள் நாலைந்து போட்டு, நிறையத் தண்ணீரில், ஊறவிடாமல், உடனே எடுத்துக் காயவைக்க வேண்டும். அதுவரை யாரும் இதன்மேல் தண்ணீர் டம்ளரோடு உட்காரக் கூடாது.

தைரியம் தேவைப்பட்ட நாட்களில் அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துப் பெண்கள் தைத்த குவில்ட்டுகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயலுக்குப் போட்டு நைந்த ஜீன்ஸும் பழைய சட்டையும் வெட்டிச் சேர்த்தவை. 2002-இல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகச் சுவர்களில் அவை ஓவியங்கள்போலத் தொங்கின. பட்டை நேராகக்கூட இருக்காது. பாக்கெட்டைப் பிரித்த இடத்தில் வெளுக்காமல் இருந்த நீலமும், சுற்றிலும் வெளுத்த நீலமும், நடுவில் திடீரென்று ஒரு சிவப்பும். அவர்கள் கையிலும் நீலம்தான், ஆனால் என் நீலம்போல ஒளிந்துகொண்டு இருக்காது.

இப்போது ஓரத்தைச் சுற்றித் துணிப்பட்டையால் கரை கட்ட வேண்டும். சுற்றளவு 220 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் இன்னும் பத்து. ராமர் பச்சை, அரக்கு என்று இரண்டு துணி எடுத்து இரண்டு பக்கத்தில் குண்டூசி குத்தினேன். மூன்றாவதாக ஏணி போட்டுப் பரணில் ஏறிக் கருநீலத்தை எடுத்தேன். எடுத்ததற்குக் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை. ஓரத்தில் வைத்ததும் ஆரஞ்சு எல்லாம் குப்பென்று பற்றிக்கொண்டது. நன்றாகத்தான் இருக்கிறது, தொல்லையே அதுதான். மகள் பச்சை என்கிறாள்.

நான்கு நாளாகக் கூடத்து நாற்காலியில் கிடக்கிறது. இன்று காலை அரக்கை மட்டும் எடுத்துவிட்டேன். பச்சையும் கருநீலமும் இன்னும் குண்டூசியில் நிற்கின்றன.