மெக்சிகோவில் ஓடிய காலைகள்

மே 3, 2025, சனி. மெக்சிகோ நகரம்

நேற்று இரவு வந்து சேர்ந்தேன். நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வெளிச்சம் வரும்வரை அறையிலேயே இருந்தேன். புது ஊரில் முதல் ஓட்டத்தை நான் இருட்டில் வைத்துக்கொள்வதில்லை.

கொண்டேசா பகுதியில் ஆம்ஸ்டர்டாம் அவென்யூ என்றொரு தெரு முட்டை வடிவில் சுற்றி, கிளம்பிய இடத்திலேயே கொண்டுவந்து விடுகிறது. நூறு வருடங்களுக்கு முன் இது குதிரைப் பந்தயத் திடல். ஓடுதளம் இருந்த கோட்டிலேயே பின்னாளில் தெருவைப் போட்டிருக்கிறார்கள். வழி தவறவே முடியாத பாதை; முதல் நாளுக்கு வேறென்ன வேண்டும்? தெரு நடுவே மர நிழலில் நடைபாதை. வேர்கள் கல்லைத் தூக்கிவிட்டிருப்பதால் பார்வை தரையிலேயே இருந்தது. இரண்டு சுற்று, பாதி ஓட்டம், பாதி நடை.

குறுக்குத் தெருக்களில் ஒவ்வொரு முறையும் நின்றுதான் கடந்தேன். இங்கே வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. என் தலையோ பழக்கத்தில் தப்பான பக்கமே முதலில் திரும்புகிறது.

மே 4, ஞாயிறு

ஞாயிறு காலையில் ரிஃபார்மா பெருஞ்சாலையில் மோட்டார் வாகனங்களை விடுவதில்லை. சைக்கிள்காரர்கள், குழந்தைகள், ஓடுகிறவர்கள். அவ்வளவு அகலமான சாலையின் நடுவில் ஓடும்போது மனசு நிறைந்துபோனது. 5 கிலோமீட்டர். போதும்.

மே 6, செவ்வாய்

இன்று தப்பு செய்தேன். கால் நன்றாக இருக்கிறதே என்று வழக்கமான வேகத்தில் கிளம்பினேன். இரண்டாவது கிலோமீட்டரிலேயே மூச்சு முட்டி, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் போல 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது கடலோரத்தில் கிடைப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். 1968 ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியது இங்கேதான். அடர்த்தி குறைந்த காற்று தாண்டுகிறவருக்குத் தடையைக் குறைக்கும். அதே காற்று நெடுந்தூரம் ஓடியவர்களை வாட்டியது. 10,000 மீட்டரில் நாஃப்டாலி டெமு தங்கம் வென்ற நேரம் 29 நிமிடம் 27.4 விநாடி. அப்போதைய உலக சாதனை ரான் கிளார்க்கின் 27:39.4. அந்தக் கிளார்க்கே இங்கே ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் மூச்சைக் கேட்காமல் கடிகாரத்தைக் கேட்டேன்.

மே 8, வியாழன்

கடிகாரத்தை அறையிலேயே வைத்துவிட்டு கொயோவாகானில் உள்ள விவேரோஸுக்குப் போனேன். மரக்கன்று வளர்க்கும் பெரிய தோட்டம் அது. ஓரமாக ஒரு சுற்றுப்பாதை, இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. எரிமலைக் கல்லை நொறுக்கிப் போட்ட சிவப்புத் தரை, மிதித்தால் சரக் சரக்கென்கிறது. வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தை நான் மீறவே இல்லை. முன்னால் போன முதியவர் ஒருவரின் காலடிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்று. இந்தப் பயணத்தில் இதுவே நல்ல ஓட்டம்.

மாலையில் ஓடலாமா என்று நினைத்து, விட்டுவிட்டேன். இந்த மாதங்களில் பிற்பகல் வெயிலில்தான் ஓசோன் மாசு ஏறும்.

மே 11, ஞாயிறு. வெராகுரூஸ்

கடலோரத்துக்கு இறங்கியாயிற்று. மூச்சு இனி தாராளம், பறந்துவிடலாம் என்றிருந்தேன். வெக்கை விடவில்லை. ஈரக் காற்றில் வேர்வை ஆறாமல் வழிந்துகொண்டே இருந்தது. வேர்வை ஆவியானால்தானே உடம்பு குளிரும்? மூன்றாவது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பித்துவிட்டேன். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்து நாளாவது வேண்டும். என்னிடம் இருப்பது மூன்று நாள்.

மே 12, திங்கள்

சூரியன் எழும்போதே கடற்கரைச் சாலையில் இருந்தேன். போகும்போது எதிர்க்காற்று. முதலிலேயே அதை வாங்கிக்கொண்டால் திரும்பும்போது முதுகில் தள்ளும் என்று அந்தத் திசையையே எடுத்தேன். தள்ளியது. ஆனால் காற்றும் நானும் ஒரே பக்கம் போனதால் மேலே காற்றே படவில்லை, வேர்த்துக் கொட்டியது. நாளை திசையை மாற்ற வேண்டும்.