ஊராட்சி அலுவலகத்திலிருந்து என் மையம் வரை இரண்டு கிலோமீட்டர்

கொல்லிமலையில் எங்கள் சிற்றூரில் நான் ஒரு சிறிய இ-சேவை மையம் நடத்தி வருகிறேன். வருமானச் சான்றுக்கோ சாதிச் சான்றுக்கோ யாராவது வந்தால், அவர்களுடைய கைப்பேசிக்கு வர வேண்டிய ஓடிபி அதன் நேரம் கடந்த பிறகுதான் வந்து சேரும். ஸ்கேன் செய்த ஆவணம் பாதி ஏறியதும் பக்கம் அப்படியே நின்றுவிடும். மேட்டுப் பாறையில் டவர் கிடைக்கும் என்பதால், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே ஏறி விண்ணப்பம் அனுப்பிய நாள்கள் பல. இத்தனைக்கும் இரண்டு கிலோமீட்டர் கீழே, ஊராட்சி மன்ற அலுவலகத்தின் மூலையில், ஊர்களுக்கு இணையம் கொண்டுவரும் பாரத்நெட் திட்டத்தின் இரும்புப் பெட்டி ஒன்று பூட்டியபடி நின்றுகொண்டிருந்தது.

நாட்டிலுள்ள சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை ஒளியிழையால் இணைப்பதற்கு 2011இல் ஒப்புதல் பெற்று, 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் அது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கான கேபிளைப் பெரும்பாலும் மண்ணைத் தோண்டாமல் மின்கம்பங்கள் வழியாகவே இழுத்தார்கள். 2018ஆம் ஆண்டின் தேசிய டிஜிட்டல் தொடர்புக் கொள்கை ஒவ்வொரு குடிமகனுக்கும் 50 எம்பிபிஎஸ் வேகம் என்று எழுதியிருந்தாலும், களத்தில் திட்டத்தின் எல்லைக்கோடு ஊராட்சி அலுவலகத்தின் வாசலோடு முடிந்துவிடுகிறது. அந்த வாசலுக்கு அப்பால் யார் பொறுப்பு என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு நான்கு மாதங்கள் ஆயின.

முதலில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்தேன். "உங்கள் பகுதியில் சாத்தியமில்லை" என்றார்கள். இணையதளத்தில் புகார் பதிந்தேன். அதே வாக்கியத்துடன் நான்காம் நாள் புகாரை முடித்துவைத்துவிட்டார்கள். புகார் என்றால் முடித்துவைக்க முடியும், கேள்வி என்றால் பதில் எழுதியாக வேண்டும் என்று எண்ணித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டி மூன்று கேள்விகளை மட்டும் கேட்டேன்: எங்கள் ஊராட்சி சேவைக்குத் தயாரான பட்டியலில் உள்ளதா, பெட்டியில் கேபிள் செருகும் போர்ட்டுகள் எத்தனை காலியாக உள்ளன, வீடுகளுக்கு இணைப்புத் தரும் உள்ளூர் பங்குதாரர் யார். மனு தவறான அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து உரிய அலுவலகத்துக்கு மாற்றப்பட்டு, ஐந்து வாரங்களில் பதில் வந்தது. பட்டியலில் இருக்கிறது, போர்ட்டுகள் காலி, பங்குதாரர் எவரும் நியமிக்கப்படவில்லை. அந்தக் கடைசி வரிதான் எனக்குத் தேவைப்பட்டது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடிவாரத்தில் கேபிள் டிவி நடத்தும் தம்பி ஒருவரிடம் போனேன். வருவாயில் பாதிப் பங்கு என்ற ஏற்பாட்டில் அவர் வேறு ஊர்களில் இணைப்புகள் கொடுத்து வந்தார். "பத்து இணைப்பு சேர்த்துக் குடுங்கக்கா, ஒரு வீட்டுக்காக நாப்பது கம்பம் ஏற முடியாது" என்றார். அவர் கணக்கு நியாயமானதுதான். மாதம் 399 ரூபாய்த் திட்டத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து நாங்கள் 471 ரூபாய் கட்டினாலும், அவர் கைக்கு வருவது இருநூறு ரூபாய். கேபிளும் ஆள்கூலியும் அவர் முதலீடு. ஏழு வீடுகளை நானே பேசிச் சேர்த்தேன். பள்ளி, துணை சுகாதார நிலையம், நியாயவிலைக் கடை ஆகியவற்றுக்கு யார் கையெழுத்திடுவது என்ற குழப்பத்தைத் தீர்க்க, 2024 அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றச் செய்தோம். பெட்டியிலிருந்து கேபிள் எடுக்க அனுமதி, அரசு இடங்களுக்கு இணைப்பு ஆகிய இரண்டையும் அதில் எழுதினோம். பெட்டிக்கான மின்சாரம் பற்றி ஒரு வரி சேர்க்காமல் விட்டது என் தவறு. அதன் விலையைப் பிறகு கொடுத்தேன்.

மின்கம்பங்களைப் பயன்படுத்த அனுமதி வாங்கக் கம்ப எண்களின் பட்டியல் கேட்டார்கள். நானும் தம்பியும் நடந்தே 46 கம்பங்களை எண்ணிக் குறித்தோம். மூன்று கம்பங்களில் எண் இல்லை என்பதற்காக விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. லைன்மேன் வந்து பெயின்ட்டால் எழுதிய பிறகே நகர்ந்தது. இந்த வழியில் போகிறவர்கள் எண்ணில்லாத கம்பங்களை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

பிப்ரவரியில் கேபிள் வந்து சேர்ந்த அன்று மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. இழையில் வரும் ஒளியின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் அளக்கும் மீட்டரில் மைனஸ் 30 காட்டியது. மைனஸ் 27க்குக் கீழே போனால் அந்த மோடத்தால் ஒளியைப் படிக்க முடியாது. இரண்டு கிலோமீட்டர் இழையில் ஒளி இழப்பு ஒரு டெசிபல்கூட வராது, எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் பத்து டெசிபல் போகும், மற்றது எங்கே போனது என்று தேடியதில், மிளகுக்கொடி படர்ந்த ஒரு சில்வர் ஓக் மரத்தருகே கேபிள் மடங்கியிருந்தது. அந்த இடத்தை வெட்டி மீண்டும் ஒட்டியதும் மைனஸ் 19 வந்தது, விளக்குப் பச்சையானது.

ஆனால் தினமும் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பின்னாக இணைப்பு அறுந்து, மறுநாள் காலை பத்து மணிக்கு உயிர் பெற்றது. கருவியைக் குறை சொல்லி ஒரு வாரத்தை வீணாக்கினோம். அலுவலகத்தைப் பூட்டும் டேங்க் ஆபரேட்டர் அண்ணன், மின்சாரத்தை மிச்சப்படுத்த மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. யுபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பெட்டிக்கு ஆகும் மின்கட்டணம் யார் கணக்கில் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குள் 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்பேற்றிருந்ததால், மெயின் சுவிட்சைச் சாராத தனி வயரும் புது பேட்டரியும் போட ஒப்புதல் பெறுவதற்கு மேலும் ஏழு வாரங்கள் ஆயின.

இப்போது விண்ணப்பங்களை மையத்தில் உட்கார்ந்தே அனுப்புகிறேன். ஆடிக் காற்றில் கீழே எங்கோ கேபிள் அறுந்து மூன்று நாள் பாறைக்குத் திரும்ப நேர்ந்தது. ஒரே வரிசையில் போகும் தடத்தில் ஓரிடம் அறுந்தால் அதற்கு மேலுள்ள ஊராட்சிகள் எல்லாம் இருண்டுவிடும். 2023இல் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட பாரத்நெட், தடங்களை வளையமாக்கி இருபுறமும் வழி தரப் போகிறது என்கிறார்கள். அந்த வளையம் எங்கள் மலைக்கு இன்னும் வரவில்லை. அடுத்த குக்கிராமத்திலிருந்து இருவர் போன வாரம் வந்து எங்கள் தீர்மானத்தின் நகலைக் கேட்டார்கள். மின்சாரத்துக்கான வரியைப் பேனாவால் சேர்த்துக் கொடுத்தனுப்பினேன்.