கப்பில் கால் கோடுகள்

மார்ச் 3
ஆஸ்பத்திரியில் அப்பா இன்று குடித்தது இரண்டேமுக்கால் கப்.

மார்ச் 4
பினாங்குப் பாலத்தில் நெரிசல். பதின்மூன்றரை கிலோமீட்டரைக் கடக்க ஒன்றேகால் மணி நேரம். கட்டிலில் தொங்கும் தாளைத்தான் முதலில் பார்த்தேன். நாலேகால் கப்!

நேற்றைவிட எவ்வளவு கூட என்று தம்பியைக் கேட்டேன். இரண்டரை என்றான். நாலில் இரண்டு போனால் இரண்டாம், முக்காலில் கால் போனால் அரையாம். காலில் முக்கால் போகாது என்று திருப்பிப் போட்டுவிட்டான். அப்பா குடிக்காத ஒரு முழுக் கப் கணக்கில் ஏறிவிட்டது. கோபம் வந்தது, அவன் மேல் இல்லை. நாலில் ஒன்றை உடைத்து நாலு காலாக்கச் சொன்னேன். இப்போது மூன்று முழுசு, ஐந்து கால். அதில் இரண்டேமுக்கால் போனால் ஒன்றரை.

ஒன்றரை போதும். ஒன்றரை நிறைய.

மார்ச் 5
அப்பாவின் டெஸ்ட் ரிசல்ட் வரவில்லை.

மார்ச் 6
மூன்றரை. முக்கால் கப் இறங்கிவிட்டது. தாதியிடம் இரண்டு தடவை கேட்டேன்.

மார்ச் 7
அப்பா நன்றாக விழித்திருந்தார். தம்பியின் நோட்டை வாங்கிப் பார்த்தார். 2½ × 1⅓. இவன் இரண்டை ஒன்றால் பெருக்கி, அரையை மூன்றில் ஒன்றால் பெருக்கி, 2⅙ என்று எழுதியிருந்தான்.

"இது கட்டிக் கணக்குடா" என்றார் அப்பா. சந்தையில் அந்தக் காலத்தில் எடைக்குக் கட்டி என்பார்கள். ஒரு கட்டி என்றால் 1⅓ ராத்தல், அதாவது பவுண்டு; நூறு கட்டி சேர்ந்த ஒரு பிக்குல் 133⅓ ராத்தல். "மூணு கட்டிக்கு நாலு ராத்தல். ரெண்டு கட்டியே ரெண்டே முக்கால் ராத்தல்கிட்ட வருதே, ரெண்டரைக் கட்டி எப்படிடா அதுக்குக் கீழ போகும்?"

தம்பி தகாப் பின்னமாக மாற்றிப் போட்டான். ஐந்தின் கீழ் இரண்டு, நான்கின் கீழ் மூன்று, பெருக்கினால் இருபதின் கீழ் ஆறு. 3⅓. அவன் விட்டது இரண்டு துண்டு: இரண்டு கட்டிக்கும் ஒட்டிக்கொண்டு வரும் மூன்றில் இரண்டு, அரைக் கட்டிக்கு உரிய அரை. சேர்த்தால் 1⅙. அதைத்தான் காணோம்.

இவ்வளவு பேசி ஒரு வாரமாகிறது. அப்புறம் தூங்கிவிட்டார்.

மார்ச் 8
தூக்கம் இல்லை. நாலேகாலில் வரும் அந்த 'ஏ' கூட்டல் குறிதானே? நாலும் காலும். 4¼ என்று எழுதினால் குறி மறைந்துவிடுகிறது, பிள்ளைகள் இரண்டையும் தனித்தனி எண் என்று நினைத்துவிடுகிறார்கள். வாயால் சொல்லச் சொன்னால் தம்பி தப்பு செய்வதில்லை. இனி சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

மார்ச் 9
ஒன்றேகால்.

மார்ச் 10
பத்து மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் ஈப்போவிலிருந்து கிளம்பிவிட்டார். கப்பைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டேன்.